உஷாப்தி பொம்மை நரபலிக்குப் பதிலா?

நைல்வாசி:
"எகிப்தியர்கள் நரபலியை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக, இறந்தவரோடு கல்லறையில் வைக்கும் சிறு உருவங்களான உஷாப்தி பொம்மைகளைப் புதைத்தார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எகிப்தின் பழைய அரச இடுகாடான அபிதோஸில் ஜெர் மன்னனின் கல்லறையைச் சுற்றி, அவரோடு பலியிட்டதாகக் கருதப்படும் பணியாளர்களின் துணைப் புதைகுழிகள் முந்நூறுக்கும் மேல் உள்ளன, மறுக்கவில்லை. அது முதல் வம்சம், கி.மு. 3000ஐ ஒட்டிய காலம். உஷாப்தி தலைகாட்டுவதோ கி.மு. 2000 வாக்கில். நடுவில் ஆயிரம் ஆண்டு! அதுவரை பதிலாள் எங்கே போயிருந்தான்?

மண்வெட்டி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? இடையில் வந்த பழைய அரசுக் கால (பெரிய பிரமிடுகள் எழுந்த காலம்) கல்லறைகளில் மாவரைக்கும் பெண், பீர் வடிப்பவன் என்று பணியாளர் சிலைகள் இருக்கின்றனவே, அவை கண்ணில் படவில்லையா? முதலில் ஆள், பிறகு சிலை, பிறகு உஷாப்தி. தொடர்ச்சி தெளிவாக இருக்கிறது.

நைல்வாசி:
தெளிவு உங்களுக்கு மட்டும். மாவரைப்பவள் வேலைக்காரி. ஆரம்பகால உஷாப்தியோ மம்மி உருவில் இறந்தவரேதான். மேலே அவர் பெயர். மறுவுலகுக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 6ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். மறுவுலகில் வயலை உழவும், கரைகளுக்கு நீர் பாய்ச்சவும், மணல் சுமக்கவும் இறந்தவருக்கு அழைப்பு வந்தால், பொம்மை "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அழைப்பு எஜமானுக்கு, பதிலாளும் எஜமானுக்கே. பலியானவன் இதில் எங்கே வந்தான்?

கல்வெட்டுக்காரி:
துட்டன்காமுன் கல்லறையில் 413 பொம்மைகள்: நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளராக 36, மாதத்துக்கு ஒருவராக 12. பிற்கால மேற்பார்வையாளர்கள் கையில் சாட்டை வேறு. தன்னைத் தானே அடித்துக்கொள்ளவா சாட்டை? 401 உஷாப்திகளுக்கு வெள்ளி பெற்றுக்கொண்டதாகக் கைவினைஞர் ஒருவர் எழுதித் தந்த பாப்பிரஸ் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவை ஆண், பெண் அடிமைகள் என்றே எழுதியிருக்கிறது.

மண்வெட்டி:
அப்படிச் சொல்லுங்கள், அம்மா! எகிப்தை ஆண்ட குஷ் நாட்டு மன்னன் தஹர்க்காவுக்கு இன்றைய சூடானின் நூரியில் உள்ள பிரமிடில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உஷாப்திகள் கிடைத்தன. ஒரு மனிதனுக்கு ஆயிரம் "தான்" எதற்கு?

நைல்வாசி:
அவற்றிலும் தஹர்க்காவின் பெயரைத்தானே பொறித்திருக்கிறார்கள்? அந்த பாப்பிரஸ், முதல் உஷாப்திக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. அதை ஜெர் காலத்துக்குச் சாட்சியாக்கினால் இடைவெளி இரண்டாயிரம் ஆண்டு. பேசப் பேசக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ரொட்டிக்கடை:
லக்ஸர் கடைத்தெருவில் நான் ஒரு நீல உஷாப்தி வாங்கினேன். அசல் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். சாட்டை இல்லை.

கல்வெட்டுக்காரி:
உடைந்த ஓரத்தைப் பாருங்கள். அசல் நீல உஷாப்தி, ஃபையான்ஸ் என்ற மெருகிட்ட பொருள்; அரைத்த குவார்ட்ஸ் மணலில் செய்தது. உள்ளே வெளிறிய மணல்மணலாக இருக்கும். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட களிமண்.

ரொட்டிக்கடை:
செங்கல் நிறம்தான். அதனால் என்ன? பழைய பொருளில் அழுக்கு ஏறாதா?

நைல்வாசி:
அது அசல் என்றால், தொல்பொருள் வணிகத்தைத் தடை செய்யும் 1983ஆம் ஆண்டு எகிப்தியச் சட்டம் உங்களைத் தேடும். போலி என்றால் பணம் போயிற்று. எது வேண்டும்?

மண்வெட்டி:
பேச்சை மாற்றாதீர்கள். பணியாளர் சிலைகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நைல்வாசி:
வந்துவிட்டது. வாசிக்கத்தான் ஆளில்லை. ஆயிரம் ஆண்டு, ஐயா, ஆயிரம் ஆண்டு!

ரொட்டிக்கடை:
சட்டம் பேசுகிறவர் இதே தளத்தில் பிரமிட் பற்றிய இழையில் நான் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். அங்கே ஏன் பாதியில் ஓடினீர்கள்?