புதுப்பிப்பு: லேபிள் மென்பொருளின் உரிமச் சிக்கல் பாதி தீர்ந்தது

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் அச்சகத்தில் மாங்கூழ் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைக்கும் மென்பொருள், பணம் கட்டி வாங்கியிருந்தும், ‘அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை நிறைவடைந்துவிட்டது’ என்று கூறி உள்ளே விட மறுப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். யோசனை கூறியவர்களுக்கு நன்றி.

பலரும் ஐயப்பட்டதுபோல் கடவுச்சொல் காரணம் அன்று. எங்கள் உரிமம் இரண்டு கணினிகளுக்கானது. ஆனால் அந்த மென்பொருள் ஒரு கணினியை அதன் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் எண்களைக் கொண்டே அடையாளம் காண்பதால், பழுதான டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் புதிய வகை டிஸ்கைப் பொருத்தியபோது ஒரே கணினி இரண்டாகக் கணக்கில் ஏறிவிட்டது. டிஸ்கை மாற்றும் முன் பழைய பதிவை நீக்கியிருக்க வேண்டும் என்றார்கள் மென்பொருள் நிறுவனத்தார். உயிர் போன டிஸ்கிலிருந்து எப்படி நீக்குவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரசீதை இணைத்து நான்காவது மின்னஞ்சல் அனுப்பிய பிறகே அவர்கள் தரப்பில் அதை நீக்கினார்கள்.

முன்மேசைக் கணினியின் கதை வேறு. காலையில் இயக்கும்போதெல்லாம் அது 2015 ஜனவரி 1 என்றே தேதி காட்டியது. கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. தேதி தவறினால் மென்பொருள் நிறுவன சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் (அது உண்மையான சர்வர்தான் என்பதற்கான, காலவரையுள்ள அத்தாட்சி) செல்லாததாகத் தோன்றும் என்பதால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்நுழைய முடியவில்லை. ரவுண்டானா அருகில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைத் திருத்தியதும் திறந்துவிட்டது.

உள்நுழையக் கேட்கும் ஓடிபி மட்டும் இன்னும் முதலாளியின் கைப்பேசிக்கே செல்கிறது. நேற்று அவர் ஓசூர் சென்றிருந்தார். நாங்கள் பதினொரு மணி வரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.