கிம்ப்பில் கோளம், உருளை, கூம்பு: கிரேடியன்ட் போட்டும் தட்டையாகவே தெரிகிறது

கணக்குடீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அளவியல் பாடத்துக்கு நானே ஒரு பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம் (நுனி வெட்டிய கூம்பு) எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். வெறும் கோட்டுப்படமாகக் கொடுத்தால் பிள்ளைகளில் பலர் கூம்பை முக்கோணமாகவே பார்க்கிறார்கள். உயரம் எது, சாயுயரம் எது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே கோட்டைக் காட்டுகிறார்கள். பொருளின் கனம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் குழப்பம் பாதி தீரும் என்று நம்புகிறேன்.

லேப்டாப்பில் கிம்ப் 2.10 என்ற இலவசப் பட மென்பொருள் இருக்கிறது. வட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுவிலிருந்து விளிம்பு வரை வெள்ளை, கறுப்பு ரேடியல் கிரேடியன்ட் (மையத்திலிருந்து வட்டமாக, படிப்படியாக நிறம் மாறும் பூச்சு) இழுத்தேன். பந்தாக வரவில்லை, ஓரம் கறுத்த வட்டமாகத்தான் இருக்கிறது. செவ்வகத்தில் நடுவில் வெள்ளையும் இரண்டு ஓரத்தில் கறுப்பும் வைத்தேன். உருளைக்குப் பதில் நடுவில் மடித்து நிறுத்திய அட்டை போல நிற்கிறது. கூம்புக்கு எந்த கிரேடியன்ட் என்றே பிடிபடவில்லை. எதை விடுகிறேன்?

டிசைன்தம்பி எழுதியது:

டீச்சர், யூடியூபில் தேடினால் போட்டோஷாப்பின் முப்பரிமாண மெனுவைக் காட்டும் பழைய பாடங்கள் நிறைய வரும். அதை நம்பிப் போக வேண்டாம். 2021 ஆகஸ்ட்டில் வந்த 22.5 பதிப்பிலிருந்தே அடோபி அந்த வசதிகளைக் கைவிடத் தொடங்கிவிட்டது. கிம்ப்பிலேயே ஃபில்டர்ஸ் மெனுவில் மேப், அதற்குள் மேப் ஆப்ஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. கோளம், பெட்டி, உருளை மூன்றும் கிடைக்கும். உலக வரைபடத்தை உருண்டையில் ஒட்டுவதற்கு அருமையான கருவி. கூம்பு மட்டும் அதில் கிடையாது.

போர்டுஆர்ட்டிஸ்ட் எழுதியது:

டீச்சர், கையாலேயே போடுங்கள். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் ஐந்து உருவத்துக்கும் அதே வேலைதான். நான் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் எனாமல் பெயின்டில் போர்டு எழுதியவன், இப்போது கம்ப்யூட்டரில் அதே தொழில். ஷேடு போடுவது பிரஷ்ஷிலும் மவுஸிலும் ஒன்றுதான்.

முதலில் உருளையை எடுத்துக்கொள்வோம், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. உங்கள் கிரேடியன்ட் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே சீராக இறங்குகிறது. வளைந்த பரப்பில் வெளிச்சம் அப்படி இறங்காது. உங்களிடம் கணக்கிலேயே சொல்லலாம்: ஒரு பரப்பில் விழும் வெளிச்சம், ஒளி வரும் திசைக்கும் அந்தப் பரப்பின் செங்குத்துக்கும் நடுவே உள்ள கோணத்தின் கொசைன் அளவுக்கு இருக்கும். 1760-இல் லாம்பெர்ட் என்ற கணித அறிஞர் எழுதிவைத்த விதி. விளக்கு நேர் எதிரே இருப்பதாக வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து ஓரத்தை நோக்கிப் பாதி தூரம் போனால் கோணம் 30 பாகை, வெளிச்சம் இன்னும் 87 சதவீதம் இருக்கிறது. ஆரத்தில் 87 சதவீத தூரம் போன பிறகுதான் வெளிச்சம் பாதியாகிறது. மிச்சமுள்ள சின்னப் பட்டைக்குள் மீதி மொத்தமும் சரிந்துவிடும். அதாவது நடுவில் அகலமான வெளிச்சம், ஓரத்தில் சட்டென்று இருட்டு. உங்கள் கிரேடியன்ட் வழியிலேயே இருட்டிக்கொண்டு போவதால் கண் அதை வளைவாக எடுத்துக்கொள்வதில்லை, இரண்டு சரிவாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த மடிப்பு அதுதான்.

இன்னொரு சங்கதி. திரையில் 255 முழு வெள்ளை என்றால், பாதி வெளிச்சத்துக்கு எண் 128 இல்லை, ஏறக்குறைய 188. அதே போல 87 சதவீத வெளிச்சம் 239 பக்கம் வரும். இதைத் தெரியாமல் எண் போட்டால் படம் அழுக்காகத் தெரியும்.

இனி விளக்கை நேர் எதிரே வைக்காமல் இடப்பக்கம் 30 பாகை நகர்த்திக்கொள்ளுங்கள். எதிரே வைத்த விளக்கு உருவத்தின் கனத்தைத் தின்றுவிடும். கிரேடியன்ட் கருவியில் லீனியர் (நேர்கோட்டு வகை) வைத்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி உருளையின் இட ஓரத்திலிருந்து வல ஓரம் வரை இழுங்கள். இழுத்ததும் என்டர் தட்டிவிடாதீர்கள், கோடு அப்படியே திரையில் நிற்கட்டும். அந்தக் கோட்டின் மேல் கிளிக் செய்தால் புதிய நிறப்புள்ளி விழும், அதன் இடத்தையும் நிறத்தையும் எண்ணாகவே கொடுக்கலாம். இட ஓரத்தில் 188, 25 சதவீதத்தில் 255, சரிபாதியில் 239, 75-இல் 188, 93-இல் 60, வல ஓரத்தில் 100. ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் அதே எண் போட்டால் சாம்பல் நிறம் வரும்.

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். ரொம்ப இருட்டான இடம் ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. விளக்கின் வெளிச்சம் எட்டாத இடம் அங்கே தொடங்குகிறது. அதையும் தாண்டிய ஓரத்துக்குத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கொஞ்சம் வந்து சேரும். அந்த மெல்லிய வெளிச்சக் கீற்றுதான் பின்னால் திரும்பிப் போகும் பரப்பைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பிலேயே முடித்தால் உருவம் கத்தரித்து ஒட்டின மாதிரி நிற்கும். நான் தொழில் கற்ற இடத்தில் பெரியவர் ஒருவர் இந்தக் கீற்றைப் போடாமல் ஒரு போர்டையும் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்.

உருளையின் வடிவத்துக்கு: செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதன் அடிக்கோட்டின் மேல் ஒரு நீள்வட்டத்தைச் சேருங்கள். அழுத்திவிட்டு இழுத்தால் தேர்வு கூடும், இழுக்கத் தொடங்கிய பிறகு அழுத்தினால் வட்டமாகும், இரண்டும் வேறு. உடலுக்கு ஒரு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி), மேல்வாய் நீள்வட்டத்துக்குத் தனி லேயர். மேல்வாய் தட்டையான பரப்பு, அதற்கு கிரேடியன்ட் தேவையில்லை, 225 போல ஒரே நிறம் போதும்.

கோளம் இனி சுலபம். 600 பிக்சல் விட்டமுள்ள வட்டம் என்றால், மையத்திலிருந்து மேல் இடப்பக்கமாக 120 பிக்சல் தள்ளி ஒரு புள்ளியில் தொடங்கி, மையம் வழியாக எதிர்ப்பக்க விளிம்பு வரை ரேடியல் இழுங்கள். தொடக்கத்தில் 255, 40-இல் 235, 65-இல் 180, 85-இல் 60, முடிவில் 100. இருட்டு பிறை வடிவில் விழும். நடுவிலிருந்து இழுத்தால் அந்தப் பிறை வரவே வராது.

தரை நிழலை மறக்காதீர்கள். கோளத்துக்குக் கீழே தனி லேயரில் கறுப்பு நீள்வட்டம், ஓரத்தை மங்கலாக்க காஸியன் பிளர், ஒபாசிட்டி (அடர்த்தி) 40 சதவீதம். விளக்கு இடப்பக்கம் என்பதால் நிழல் வலப்பக்கம் போகட்டும். அதோடு, கோளம் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் ஒடுக்கமாக, அடர்த்தியாக, பிளர் குறைவாக இன்னொரு நிழல். இந்த இரண்டாவது இல்லையென்றால் பந்து அந்தரத்தில் மிதக்கும்.

கணக்குடீச்சர் எழுதியது:

அண்ணா, உருளை வந்துவிட்டது! கொசைன் கணக்கைப் படித்ததும் உடனே லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். முக்கோணவியல் நடத்தும்போது இதையே உதாரணமாகக் காட்டப் போகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். கோளத்தின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்ந்த அரைக்கோளமாக வைத்தேன், நன்றாக இருக்கிறது. அதையே கிம்ப்பில் மேல் கீழாகத் திருப்பிக் கிண்ணமாக வைத்தால், வெளியே புடைத்துத் தெரியாமல் உள்ளே குழிந்த மாதிரி தெரிகிறது. ஷேடு ஒன்றுதானே, ஏன்? அப்புறம் இந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். சோதனைக்கு எடுத்துப் பார்த்ததில் சாம்பல் எல்லாம் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. கூம்பு, இடைக்கண்டம் பற்றியும் சொல்லுங்கள்.

உளவியல்மாணவி எழுதியது:

குழி பற்றி நான் சொல்கிறேன் டீச்சர். மூளை வெளிச்சம் மேலிருந்து வருவதாகவும், ஒரே ஒரு விளக்கு இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறது. மேல்பக்கம் வெளுத்திருந்தால் புடைப்பு, கீழ்ப்பக்கம் வெளுத்திருந்தால் குழி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1988-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்களைப் போலவே வெறும் ஷேடு போட்ட வட்டங்களை வைத்துத்தான் சோதித்தார். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடெல்லாம் குழியாகும், குழியெல்லாம் மேடாகும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தாலும் அப்படியே மாறும், ஏனென்றால் மூளைக்கு மேல் என்பது வானம் இருக்கும் பக்கம் இல்லை, நம் தலை இருக்கும் பக்கம். நிலாவின் பள்ளங்கள் சில படங்களில் மேடாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே. உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வட்டங்களைக் காட்டுங்கள், ரொம்ப ஆசையாகப் பார்ப்பார்கள்.

போர்டுஆர்ட்டிஸ்ட் எழுதியது:

தங்கச்சி சொன்னது சரி. ஆகவே உருவத்தைத் திருப்பினாலும் ஷேடைத் திருப்பக் கூடாது. கிண்ணத்துக்கு முழுக் கோளத்தையே திரும்ப எடுத்து மேல்பாதியை அழித்துவிடுங்கள், மேலே வாய் நீள்வட்டம் வையுங்கள். ஒரு தாளில் உள்ள எல்லா உருவத்துக்கும் விளக்கு ஒரே பக்கம் இருக்கட்டும்.

கூம்புக்குப் புது கிரேடியன்ட் வேண்டாம். கிம்ப்பில் கோனிக்கல் என்று ஒரு வகை இருக்கிறது, பெயரைப் பார்த்து அதற்குள் போகாதீர்கள். கூம்பின் குறுகிய கோணத்துக்குள் ஆறு நிறப்புள்ளியை அடைப்பது தலைவலி. நீங்கள் செய்து வைத்த உருளையின் உடல் லேயரை நகல் எடுத்து, அடியில் உள்ள வளைவை மட்டும் நேராக வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து இழுக்கும்போது அது மேல்நோக்கி நீண்டுவிடும். லேயர் மெனுவில் கிராப் டு கன்டென்ட் கொடுத்து லேயரை உருவத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்டும் பி-யும் அழுத்தினால் பெர்ஸ்பெக்டிவ் கருவி வரும். மேல்மூலை இரண்டையும் நடுவை நோக்கி இழுத்து, ஒன்றையொன்று தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கூம்பு ரெடி. கூம்பின் உச்சியிலிருந்து அடிவரை எந்த நேர்கோட்டில் இறங்கினாலும் ஷேடு மாறக் கூடாது. உருளையில் நேராக நின்ற பட்டைகள் எல்லாம் இப்போது உச்சியில் போய்க் குவிவதால் அது தானாக அமைந்துவிடுகிறது. கடைசியில் அடியில் ஒரு நீள்வட்டத்தை வைத்துப் பார்த்து, அடிமூலை இரண்டையும் வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். மேல்மூலைகளைப் பாதி வழியில் நிறுத்தி மேலே சின்ன நீள்வட்டம் ஒன்றை வைத்தால் இடைக்கண்டம். கூம்பை வெட்டித்தான் இடைக்கண்டம் வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இந்த வரிசையிலேயே காட்டலாம்.

ஜெராக்ஸ் விஷயம் முக்கியம். மெஷின் மெல்லிய சாம்பலை விழுங்கிவிடும், அடர்ந்ததைக் கறுப்பாக அடைத்துவிடும். அதனால் நாமே புள்ளியாக மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) செய்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கிய நகலில் ஃபில்டர்ஸ், டிஸ்டார்ட்ஸ், நியூஸ்பிரின்ட் என்று போங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, இடைவெளி 6 பிக்சல். அங்குலத்துக்கு 50 வரிசை வரும், அது ஜெராக்ஸில் தாங்கும். ஷேடு கொஞ்சம் முரடாகத் தெரியும், ஆனால் வளைவு போகாது.

கோடுகளையும் எழுத்துகளையும் இதற்கு அப்புறம்தான் போட வேண்டும், இல்லையென்றால் ஆரத்தின் எழுத்துகூடப் புள்ளியாகச் சிதறிவிடும். அடி வட்டத்தின் மறைந்த பாதிக்கு: நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்ஷன், கோட்டு வகையில் விட்டுவிட்ட கோடு. அதன் முன்பாதியை அழித்துவிடுங்கள். இன்னொரு லேயரில் அதே நீள்வட்டத்தை முழுக் கோடாகப் போட்டுப் பின்பாதியை அழியுங்கள். கூம்பில் உயரத்தை உச்சியிலிருந்து அடி மையம் வரை விட்டுவிட்ட கோடாக இழுத்து, மையத்தில் செங்கோணக் குறி போடுங்கள். சாயுயரம் வெளி ஓரத்தில் அழுத்தமான முழுக் கோடாக ஓடட்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்பது அப்போது பளிச்சென்று தெரியும். விட்டுவிட்ட கோட்டுக்குப் பின்னால் ஷேடு அடர்த்தியாக இருந்தால் கோடு காணாமல் போகும், அந்தக் கோடு மட்டும் 4 பிக்சல் தடிமனில் இருக்கட்டும்.