பொம்மையும் கண்ணாடியும்

வடக்குத் தெரு வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

லதா, 7:12
பாப்பா என் பவுடர் டப்பாவைக் காலி பண்ணிவிட்டாள். முகம், கழுத்து, முழங்கை வரை அப்பியிருக்கிறாள். கேட்டால், “கறுப்பா இருந்தா தேவதை வேஷம் இல்லையாம், மிஸ் சொன்னாங்க” என்கிறாள். நாலு வயசு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராணி மாமி, 7:15
ஐயோ மக்களே. கடலை மாவும் பாலும் பூசிக் குளிப்பாட்டு, நிறம் வந்துவிடும்.

அபி, 7:21
வேண்டாம் மாமி. அப்படிச் செய்தால் மிஸ் சொன்னது சரி என்று ஆகிவிடும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று கறுப்பினத் தம்பதி, இரண்டு பேரும் உளவியல் படித்தவர்கள். 1940-களில் சின்னப் பிள்ளைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறம் மட்டும்தான் வேறு. எது நல்ல பொம்மை என்றதும் கறுப்புப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். அப்புறம், “உன்னைப் போல் இருப்பது எது?” என்று கேட்டார்கள். சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள். பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பில் இந்த ஆய்வையும் நீதிபதிகள் காட்டினார்கள்.

மணி மாமா, 7:26
அதான் தீர்ப்பு வந்து 70 வருஷம் ஆயிற்றே. இன்னுமா?

அபி, 7:33
இன்னும்தான் மாமா. 1930-களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகளுக்குச் சிவப்பு அடித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. 1968-இல் சட்டம் தடுத்தது, சரி. ஆனால் வீடு வாங்க முடியாமல் போன தாத்தா பேரனுக்கு எதை எழுதி வைப்பார்?

மணி மாமா, 7:48
நீ சொன்னதும் பாட்டா ஞாபகம் வருகிறது. மேலத்தெருவில் ஒரு வீட்டைத் தாண்டும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதுகூட அப்படித்தான். 1859-இலேயே நம் நாடார் பெண்கள் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் உத்தரவு வந்துவிட்டது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல் போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதற்கு நூறு வருஷம் கழித்தும் பாட்டா கை பயந்தது.

ராணி மாமி, 7:55
லதா, நான் மாவு பூசச் சொன்னது தப்பு மக்களே. என் அம்மா எனக்குச் செய்ததை அப்படியே சொல்லிவிட்டேன். சாமிதோப்பில் ஐயா வைகுண்டர் பதியில் சிலைக்குப் பதிலாக இருக்கும் கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுகிறோமே, தலைப்பாகை கட்டக் கூடாது என்று விரட்டப்பட்ட ஆட்களைக் கட்டச் சொல்லி ஐயா அங்கே நிறுத்தினாரே. பாப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போவோம்.

லதா, 8:02
சரி மாமி. முதலில் நாளைக்குப் பள்ளிக்கூடம் போய் மிஸ்ஸிடம் நேரில் பேசுகிறேன்.

மணி மாமா, 8:03
நானும் வருகிறேன். சாமிதோப்புக்கு ஞாயிறு காலை 5 மணிக்கு ஆட்டோ சொல்லியாயிற்று. பிள்ளைக்கு அந்த மஞ்சள் பாவாடையை எடுத்து வை. பவுடர் வேண்டாம்.