புதுப்பிப்பு: லிண்டிஸ் கணவாயில் நின்ற வேன்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், லிண்டிஸ் கணவாய் ஏற்றத்தில் வாடகை வேன் ஆவி கக்கி நின்றுவிட்டது என்று முந்தாநாள் எழுதியிருந்தேன். பலரும் விசாரித்தீர்கள், நன்றி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கயிறு கட்டி ஓமரமா வரை இழுத்துப் போனார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. மறுநாள் மதியம் வண்டி தயார்.

நேராக புகாகி ஏரி. பாலில் நீலம் கலந்த நிறம்! பனியாறு பாறையை மாவாக அரைத்து ஏரியில் சேர்க்கிறது. அந்தத் தூள் மிதப்பதால்தான் இப்படி. கையில் அள்ளினால் லேசாகக் கலங்கிய தண்ணீர், விரல் மரத்துப்போகும் குளிர். எதிரே 3,724 மீட்டர் உயர அயோராக்கி (குக் மலை) சிகரம். அரை மணி நேரம் பேசத் தோன்றவில்லை.

விடிகாலையில் கூரைமேல் டக் டக். கீயா கிளி! கதவு ரப்பரை முழ நீளத்துக்கு உரித்திருந்தது. பறந்தபோது இறக்கையின் அடியில் தணல் மாதிரி ஆரஞ்சு. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து அதற்குத் தீனி போடாதீர்கள், நம் சாப்பாடு அதன் உடம்புக்கு ஆகாது. ரப்பரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். நாளை தே அனாவ் ஊருக்கு.