அமெரிக்கக் கணக்கு, சீனக் கணக்கு: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

பே ஏரியா அம்மா:
ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம். 1¾-ஐ ½-ஆல் வகுத்து, படமும் போட வேண்டும். சீனாவின் செங்டூவிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன வகுப்புத் தோழியும் என் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மகள் கட்டம் கட்டி வண்ணம் அடிப்பதற்குள் தோழி 3½ என்று எழுதிவிட்டுப் பென்சில் டப்பாவை மூடிவிட்டாள். “விடை வந்துடுச்சே ஆன்ட்டி, அப்புறம் எதுக்குப் படம்?” எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அந்தத் தோழிக்குப் பாதி மதிப்பெண்தான்.

சுஜோ ரிட்டர்ன்:
“சீனாவில் வெறும் மனப்பாடம்” என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். இதே கணக்கைத்தான் கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா தன் ஆய்வில் இரு நாட்டு ஆசிரியர்களுக்கும் கொடுத்தார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்கள் 23 பேரில் பாதிகூட இல்லை. என் பையன் சீனாவின் சுஜோவில் மூன்றாம் வகுப்பு படித்தபோது கணக்கு டீச்சர் கணக்கு மட்டும்தான் எடுப்பார். நாளுக்கு இரண்டு மூன்று பீரியட், மீதி நேரம் நோட்டு திருத்தம். காலையில் வைத்த நோட்டு மதியமே சிவப்பு மையோடு திரும்பும். தப்பைத் திருத்தி எழுதாமல் வீட்டுக்கு விடமாட்டார். ஒருநாள் ஆறு மணி வரை கேட் வாசலில் நின்றேன்.

ஹூஸ்டன் மாமா:
அடுத்து பிசா தேர்வை, அதாவது பல நாட்டுப் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் தேர்வைக் கொண்டுவருவீர்கள். 2018-இல் கணக்கில் சீனா 591, அமெரிக்கா 478. அந்தச் சீனா பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் மட்டும்தான் ஐயா. கன்சு மாகாணத்து மலைக் கிராமத்துப் பிள்ளை அதில் இல்லை. என் கதை சின்னது: சீனாவில் எட்டாவதிலேயே தொடங்கும் இயற்பியலை என் மகன் இங்கே பதினொன்றில்தான் தொட்டான். பே ஏரியா அம்மா, படத்தை விடுங்கள். எட்டாவதில் அல்ஜீப்ரா 1 (முதல் இயற்கணிதப் பாடம்) கிடைக்குமா என்று இப்போதே பள்ளியில் கேளுங்கள். அப்போதுதான் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் என்று வரும். ஒரு வருடம் தள்ளினால் கோடை விடுமுறையில் ஓடிப் பிடிக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடட்டும். டியூஷன் அவசரமில்லை.

எடிசன்வாசி:
அம்மா அதையெல்லாம் கேட்கவே இல்லையே! எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு பையனின் பயறு முளைக்கவே இல்லை. “தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன், அழுகிவிட்டது” என்று அட்டையில் எழுதி, அழுகிய பயற்றின் படத்தையும் ஒட்டியிருந்தான். அதற்கு நீல ரிப்பன். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்: “முளைக்கவில்லை, சரி. பரிசு எதற்கு?” பேத்தி ஏதோ சொன்னாள். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்து அந்த அட்டையைப் படம் பிடித்துக்கொண்டார்.