ஒட்டுத்துணிப் போர்வை: மூன்று அடுக்கையும் சுருங்காமல் தைப்பது எப்படி?

வணக்கம் தோழிகளே. முதல் முறை தைப்பவர்களுக்காகக் குறைந்த செலவில் ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்றைத் திட்டமிடுகிறேன். ஓரிடத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

மேல்பக்கம்: 5 அங்குலச் சதுரங்கள், குறுக்கே 12, நெடுக்கே 15, மொத்தம் 180. கால் அங்குலத் தையல் போக ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் நிற்கும். முடிவில் 54க்கு 67½ அங்குலம். தையலில் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூடினாலும் ஒரு வரிசையின் 11 தையல்களில் ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும், மூலைகள் சேராது. அதனால் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மிஷின் தட்டின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

துணி: டெய்லர் கடை வெட்டுத்துண்டு, கிழியாத பழைய வேட்டி. காட்டன் மட்டும் போதும். டெரிகாட்டன் கலந்தால் துவைத்தபின் காட்டன் சுருங்கும், அது சுருங்காது. தையலோரம் பொங்கி நிற்கும். எல்லாவற்றையும் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவது கட்டாயம். சாயம் போகும் சிவப்பு வேண்டவே வேண்டாம். அடிப்பக்கத்துக்குப் பழைய நூல் புடவையில் 75 அங்குலமாக இரண்டு வெட்டி நெடுக்கே இணைத்தால் தாராளம்.

சிக்கல் இதுதான்: நடுவில் பழைய காட்டன் பெட்ஷீட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்தி, 16 நம்பர் ஊசியில் பெரிய தையல் போட்டாலும், சாதாரண கால் மிஷினில் அடித்துணி மடிந்துகொள்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்தக் கட்டையின் திருகை எவ்வளவு தளர்த்துகிறீர்கள்? இல்லை, மிஷினை விட்டுவிட்டு, சதுரங்கள் சேரும் மூலைகளில் தடித்த நூலால் முடிச்சுப் போட்டால் பல சலவை தாங்குமா? செய்து பார்த்தவர்கள் அடிப்பக்கப் படத்தோடு சொல்லுங்கள்.