புதுப்பிப்பு: நாலு கறவை மாட்டுல மீத்தேன் (பூமியை சூடேத்துற வாயு) குறைக்க வழி கேட்டிருந்தேன்ல

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின்னாடி தேடி வர்றவங்களுக்காக என்ன ஆச்சுன்னு எழுதிடறேன்.

முதல்ல தீவனம். வெறும் வைக்கோலும் தவிடுமா போட்டுட்டு இருந்ததை மாத்தி கோ-4 புல் (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்), கூட வேலிமசால்ங்கற பயறு வகை தீவனம், தினமும் தாது உப்பு கலவைன்னு ஒரு அண்ணா சொன்னாரு, அதேதான் செஞ்சோம், பால் ஏறுச்சு, கொழுப்பும் நல்லா வருது. மாடு ஏப்பத்துல விடுற மீத்தேன் அப்படியே நின்னுடாது, ஆனா ஒரு லிட்டர் பாலுக்குன்னு கணக்கு பாத்தா குறையும். மீத்தேன் குறைக்கறதுக்குன்னே வந்த ஹரித் தாரா தீவனம் இங்க கிடைக்கல, அதனால அதைப் பத்தி சொல்ல முடியாது.

நிஜமாவே வேலை செஞ்சது கோபர் கேஸ் (சாண எரிவாயு) தான், அதை சொன்ன அக்காவுக்கு தனியா நன்றி. 2 கன மீட்டர் தீனபந்து மாடல் (செங்கல்ல கட்டுற குவிமாட கலன்), தினமும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணியும் கரைச்சு ஊத்துறோம், குழியில கெடந்து காத்துல போற மீத்தேன் இப்ப அடுப்புல எரியுது, சிலிண்டர் வாங்குறது பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு.

எதிர்பார்க்காதது ரெண்டு. மார்கழி குளிர்ல கேஸ் நல்லாவே கம்மி ஆயிடும், வெயில் வந்தா சரியாகிடும். அப்புறம் கலன்ல இருந்து வெளிய வர்ற சாணக் கரைசலை புல்லுக்கே விட்டதுல யூரியா வாங்குறது குறைஞ்சுது, யூரியாவால வர்ற நைட்ரஸ் ஆக்சைடும் மீத்தேன் மாதிரி பூமியை சூடேத்துற பசுங்குடில் வாயுதானே, அதனால இதுவும் லாபம்தான்.

ஒண்ணு மட்டும் கவனம், பைப் ஜாயின்ட்ல சோப்பு தண்ணி தடவி லீக் இருக்கான்னு அடிக்கடி பாருங்க. எரியாம கசியற மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 100 வருஷ கணக்குல 27 மடங்கு சூடேத்தும்.